புதுப்பிப்பு: ஜெர்மானியக் கணவரைப் பிரியும் என் தங்கை

தண்டையார்பேட்டையில் வளர்ந்த என் தங்கை, முனிச்சில் தன் ஜெர்மானியக் கணவருடன் ஒத்துப்போக முடியாமல் தவிப்பதையும், அங்கு பெறும் மணமுறிவு இங்கு செல்லுமா என்ற ஐயத்தையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டார்கள். ஜெர்மானியச் சட்டப்படி பொதுவாக ஓராண்டு பிரிந்திருந்த பிறகே மணமுறிவு கிடைக்கும். ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்தாலும் அது பிரிவாகக் கொள்ளப்படலாம் என்பதை அம்மாவுக்கு விளங்கவைக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

இவர்களின் திருமணம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் சென்னையில் பதிவானது. வெளிநாட்டு மணமுறிவுத் தீர்ப்புகள் குறித்து 1991இல் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கட லட்சுமி என்ற மணமுறிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளைச் சுட்டிக்காட்டிய வழக்கறிஞர், இருவரும் விரும்பி அந்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு, இசைந்து பெறும் தீர்ப்பு இங்கும் ஏற்கப்பட வாய்ப்புண்டு என்றும், ஒருதலையாகப் பெற்றால் சிக்கல் வரும் என்றும் விளக்கினார்.

அப்பாவுக்குப் பணம் அனுப்புவதும், அம்மா மாதக்கணக்கில் வந்து தங்குவதும் அவளுக்குக் கேள்விக்கு இடமில்லாத கடமைகள். அவள் கணவருக்கோ அவை இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டியவை. இதில் எவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரனைக் கட்டினால் இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தார் பேசுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பிரியும் வேளையிலும் அம்மாவின் மருந்துச் செலவை விசாரித்தவர் அவர்.