இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் இரண்டு விதமாக வருகிறது, எது சரி? (அவசரம்)

பனிக்கூடை: வணக்கம். வடக்கே இரண்டு சின்ன விமான நிலையங்கள். இணையத்தில் ஒரு கருவி 1,040 கி.மீ., பறக்க 1 மணி 45 நிமிடம் என்கிறது. நானே எக்செலில் போட்டால் 1,856 வருகிறது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். இன்று ராத்திரிக்குள் திட்டத்தை முடிக்க வேண்டும். எதை எடுத்துக்கொள்வது?

கணக்கன்: எந்த ஊர்கள்? எந்தச் சூத்திரம்?

வால்நட்சத்திரம்: கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், கடல் மைல் (1.852 கி.மீ.) குழப்பம். 1,040-ஐ 1.852-ஆல் பெருக்குங்கள்.

கணக்கன்: பெருக்கினால் 1,926. மிச்சம் 70 கி.மீ. எங்கே போனது?

வால்நட்சத்திரம்: ஏதாவது சுற்றுவழியாக இருக்கும்.

துருவன்: ஊர்ப் பெயரே சொல்லாமல் கேட்பதும், அதற்கு விழுந்தடித்துக்கொண்டு பதில் சொல்வதும் இங்கே வாடிக்கையாகிவிட்டது. பூமி உருண்டை என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

பனிக்கூடை: மன்னிக்கவும். நார்வே: லாங்இயர்பியன், கிர்கெனெஸ். அட்சரேகை வித்தியாசம் 8.5 டிகிரி, தீர்க்கரேகை வித்தியாசம் 14.4 டிகிரி. இரண்டையும் 111-ஆல் பெருக்கி பிதாகரஸ் போட்டேன்.

கணக்கன்: அகப்பட்டது! ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்பது அட்சரேகைக்குச் சரி. தீர்க்கரேகைக்கு நிலநடுக்கோட்டில் மட்டும்தான் பொருந்தும். வடக்கே போகப் போக அந்தக் கோடுகள் குடைக்கம்பி மாதிரி நெருங்கிவிடும். லாங்இயர்பியனில் ஒரு டிகிரி 23 கி.மீ.தான், கிர்கெனெஸில் 39. நடு அட்சரேகை 74, அதன் கோசைனால் 14.4-ஐப் பெருக்கிவிட்டு மறுபடி போடுங்கள். எக்செல் கோணத்தை டிகிரியில் எடுக்காது, ரேடியன் என்ற அலகில்தான் எடுக்கும்; மாற்றாமல் கோசைன் போட்டீர்கள் என்றால் நாளைக்கு இன்னொரு இழை திறக்க வேண்டிவரும்.

தெற்குவாசல்: 1,040 கி.மீ. என்ற தூரம் சரி. ஆனால் அந்த 1 மணி 45 நிமிடத்தை நம்ப வேண்டாம். ஜெட் விமானம் நேராகப் போனால் என்று போட்ட கணக்கு அது. நீங்கள் வடக்கு நார்வேயில் உள்ள டிரோம்சோ நகரத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும். 957 கி.மீ., அப்புறம் 423 கி.மீ., ஆக 1,380. இரண்டாவது துண்டுக்கு டாஷ் 8 மாதிரி புரொப்பெல்லர் விமானம் வந்தால் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். நடுவில் காத்திருப்பு வேறு. டிரோம்சோவில் பாஸ்போர்ட் சோதனையும் உண்டு.

வால்நட்சத்திரம்: உள்நாட்டுப் பயணத்துக்கு எதற்குப் பாஸ்போர்ட்?

துருவன்: லாங்இயர்பியன் இருப்பது ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில். 1920 ஒப்பந்தப்படி நார்வேயின் ஆளுகை, ஆனால் ஷெங்கனுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதி) வெளியே. படித்துவிட்டு வாருங்கள்.

வால்நட்சத்திரம்: கேட்டால் சொல்லுங்கள், பாடம் எடுக்காதீர்கள். நார்வே என்றால் நார்வேதானே?

துருவன்: எல்லைச் சோதனைக்கு அப்படி இல்லை.

தெற்குவாசல்: சண்டையை விடுங்கள். பனிக்கூடை, ஷெங்கன் விசாவில் போகிறீர்கள் என்றால் ஸ்வால்பார்ட் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா போதாது.

பனிக்கூடை: கோசைன் போட்டேன், 1,041 வந்தது. நன்றி கணக்கன். விசாவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஒற்றை நுழைவு. அப்புறம் வருகிறேன்.