நேர்ந்துவிட்ட கடாவை என்ன பண்றது?

பாலக்கோட்டான்:
பாலக்கோடு பக்கம் தக்காளி வெள்ளாமைங்க. பையனுக்கு 6 வயசுல ரத்தப் புற்றுநோய்னாங்க. குழந்தைங்களுக்கு வர்ற வகை, பெரும்பாலும் குணமாயிடும், ரெண்டரை வருசம் வைத்தியம்னு சொன்னாங்க. அன்னைக்கே அம்மா முனியப்பனுக்கு ஒரு கடாக்குட்டியை நேர்ந்து விட்டுட்டாங்க. மொரப்பூர்ல ரயிலேறி மெட்ராசுக்கு எத்தனை நடை போனோம்னு கணக்கே இல்ல.

முதுகுத்தண்டுல மருந்து போடுவாங்க. மரவட்டை மாதிரி சுருண்டு படுக்கணும், அசையக் கூடாது. முட்டியையும் கழுத்தையும் சேத்து நான் பிடிச்சுக்குவேன். ‘முனியப்பா முனியப்பா’ன்னு சொல்லுடான்னு பழக்குனதும் நான்தான். ஒரு தடவை பாதியில நிறுத்திட்டு, ‘அப்பா, இன்னும் சத்தமா சொல்லட்டுமா?’ன்னான்.

வைத்தியம் முடிஞ்சு ஏழாம் மாசம் நோய் திரும்பிடுச்சு. போன தையில போயிட்டான்.

கடா இருக்கு. கொம்பு வளைஞ்சு பெருசாயிடுச்சு. நேர்ந்ததை விக்கவும் கூடாது, வீட்டுக்குன்னு வெட்டவும் கூடாது. ‘அவன் குடுக்கலன்னாலும் நாம சொன்னதைக் குடுத்துடணும், இல்லன்னா பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்’கறாங்க அம்மா. எனக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கால் வரல. சாமியே இல்லன்னு ஆயிட்டா பயமும் போயிருக்கணும்ல? பாப்பாவுக்கு உடம்பு சுட்டா என் கண்ணு கடா மேலதான் போகுது. யாராச்சும் இப்படி நின்னிருக்கீங்களா?

பென்னாகரத்துக்காரன்:
வித்துடுங்க தோழர். எங்க ஊர்ல பல்லு பழுப்பாறதும், சின்ன வயசுலயே காலு வளையறதும் சாமி குத்தம்னுதான் எங்க ஆயா சொல்லும். கடைசியில பாத்தா போர் தண்ணியில ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கெடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க வெட்டுன எந்தக் கடாவும் அந்தத் தண்ணியை மாத்தல. உங்க பையனுக்கு வந்ததும் யார் குத்தமும் இல்ல. எலும்பு மஜ்ஜையில ஒரு உயிரணு கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் அக்கா:
வித்துடுன்னு சொல்றது லேசு. அந்தப் பணத்தை எந்தக் கையில வாங்கும் தம்பி?

என் வீட்டுக்காரர் போனப்புறம் மூணு வருசம் விளக்கேத்தல. சிவராத்திரிக்கு மறுநாள் எங்க ஊர்ல மயானக் கொள்ளை, அங்காளம்மன் சுடுகாட்டுக்கு வருவா. நான் கும்பிடப் போகல. கூட்டத்துல அவர் குழியை யாராச்சும் மிதிச்சிடுவாங்களோன்னு காவலுக்குப் போனேன். சூறை விட்ட பயறு கொஞ்சம் மடியில விழுந்துச்சு, தின்னுட்டேன். நம்பிக்கை வந்துச்சான்னா, இல்ல. பசிச்சுது.

கயித்தை அம்மா கையில குடுத்துட்டு நீங்க வீட்டுலயே இருங்க. அது அவங்க சொன்ன வாக்கு.

அரூர் பெரியவர்:
கண் போனப்ப சுந்தரரே திருவாரூர்ல ஈசன் எதிர்ல நின்னு, ‘நீரே நல்லா வாழ்ந்துக்கும்’கற மாதிரி ஏசிப் பாடினவர்தான். அதையும் தேவாரத்துல சேத்துத்தான் வெச்சிருக்காங்க. திட்டவாவது போய்ட்டு வாப்பா.

பாலக்கோட்டான்:
திட்டணும்னா எதிர்ல ஒருத்தர் இருக்கணுமேங்க ஐயா.

அக்கா சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன். ஆடி 18-க்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க. கடா மேல மஞ்சத்தண்ணி ஊத்துனா அது உடம்பைச் சிலுப்பணும், அதான் முனியப்பன் உத்தரவு.

நேத்து சாயங்காலம் இங்க நல்ல மழை. கொட்டாய்ல கட்டாம விட்டுட்டேன். நனைஞ்சு நின்ன கடா ஒரு தடவை சிலுப்புச்சு. திண்ணையில இருந்த அம்மா சட்டுன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் கோணிச்சாக்கை எடுத்துட்டுப் போய் அதுக்கு ஈரம் துடைச்சு விட்டேன்.