எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ: தமிழில் எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

சிறுகடைகளுக்கான கணினித் தொலைபேசிக் கையேடு இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறது. தொலைபேசியையும் வெளி லைனையும் கணினியோடு சேர்க்கும் கேட்வே பெட்டியின் பின்னால் எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று எழுதியிருக்கும் போர்ட்டுகள்தான் அவை. எஃப்எக்ஸ்எஸ்ஸில் தொலைபேசிக் கருவியைச் செருக வேண்டும், எஃப்எக்ஸ்ஓவில் வெளி லைனை. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான ஆர்ஜே11 ஓட்டைகள். ஒயரும் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும், அதனால்தான் ஆபத்து. தொலைபேசிக் கருவியை எஃப்எக்ஸ்ஓவில் செருகினால் கெடுதல் இல்லை, டயல் டோன் வராது, அவ்வளவுதான். ஆனால் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து (எக்ஸ்சேஞ்ச்) வரும் லைனை எஃப்எக்ஸ்எஸ்ஸில் செருகினால் இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளும். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால், மணியடிக்க வரும் 75 வோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தம் உள்ளே ஏறி அந்தப் போர்ட்டின் சில்லையே எரித்துவிடக்கூடும்.

ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'அயல் இணைப்பக நிலையம்', 'அயல் இணைப்பக அலுவலகம்' என்று வரும். ஒருவர் எண்ணூரில் இருந்துகொண்டு மண்ணடி இணைப்பகத்தின் எண் வேண்டும் என்று கேட்டால், அவ்வளவு தூரம் இழுத்துக் கொடுக்கும் லைனுக்கு வைத்த பெயர் அது. இணைப்பகத்தின் பக்கம் ஓ, கருவியின் பக்கம் எஸ். நம் பெட்டிக்கும் அந்தச் சேவைக்கும் இன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர்த்து எழுதினால் படிப்பவருக்கு எந்த ஒயரை எதில் செருகுவது என்று தெரியவே தெரியாது.

என் பரிந்துரை: எஃப்எக்ஸ்எஸ்ஸுக்குக் கொடுமுனை, எஃப்எக்ஸ்ஓவுக்குக் கொள்முனை. கொடுக்கல் வாங்கல் போல. கருத்துச் சொல்லுங்கள்.

இராயபுரத்திலிருந்து:

வணக்கம் ஐயா. வேலை செய்கிறவர்கள் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: எஃப்எக்ஸ்ஓ என்றால் லைன் போர்ட், எஃப்எக்ஸ்எஸ் என்றால் போன் போர்ட். பாரிமுனையில் கேட்வே வாங்கப் போனாலும் 'ரெண்டு லைன், நாலு போன்' என்றுதான் கேட்பார்கள். புழங்குகிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

தண்டையார்பேட்டையிலிருந்து:

புழங்குகிற சொல்லே போதும் என்றுதான் நானும் தொடங்கினேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றை வைத்துப் பாருங்கள். அங்கே பழைய இன்டர்காம் இருக்கிறது, அதாவது ஈபிஏபிஎக்ஸ். அதைக் கழற்றாமல் கணினியோடு சேர்க்க வேண்டும். இன்டர்காமின் ஓர் எக்ஸ்டென்ஷனை எடுத்துக் கணினியின் எஃப்எக்ஸ்ஓவில் போடுகிறோம். அந்த ஒயரின் இரண்டு நுனியிலும் போன் என்று ஒரு பொருளே இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயரையும் கடையில் 'லைன்' என்றுதான் சொல்கிறார்கள். 'போன் போர்ட்டை லைன் போர்ட்டில் சேர்க்கவும்' என்று கையேட்டில் எழுதினால் யாருக்குப் புரியும்?

இப்போது வரும் பைபர் இணைப்பிலும் இதே கதைதான். சுவரில் மாட்டும் பெட்டியிலேயே தொலைபேசிக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. டயல் டோன் அந்தப் பெட்டியிலிருந்தே வருகிறது. செம்புக் கம்பி இணைப்பகம் வரை போவதில்லை. அதனால் 'இணைப்பகம்' என்ற சொல்லை நுழைத்து எந்தப் பெயர் வைத்தாலும் இங்கே பொய்யாகிவிடும்.

திருவொற்றியூரிலிருந்து:

ஐயா, கொள்முனை நன்றாக இருக்கிறது. கொடுமுனை வேண்டாம். கொடுவாள், கொடுநோய், கொடுங்கோல் என்று பழகிய காதுக்குக் 'கொடு' என்பது முன்னால் வந்தாலே கொடியது என்றுதான் படும். ஓட்டைக்கு மேல் கொடுமுனை என்று ஒட்டினால் தொடாதே என்று எச்சரிப்பதுபோல இருக்கும்.

'வழங்கி' என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். அது சர்வருக்குப் போய்விட்டது. நம் கையேட்டில் சர்வரும் வருகிறது. 'துறை' என்று வைத்தால் 5060ஆம் துறை (போர்ட்) என்று பிணையத்தில் சொல்கிறோமே, அதோடு மோதும். சிப் (SIP) எனும் இணையவழி அழைப்பு போகிற அந்தத் துறைக்கு உருவம் கிடையாது, இது கைவிரலால் தொடுகிற ஓட்டை. ஆகவே முனை சரி.

தருமுனை, பெறுமுனை என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் போல. தந்த, தருகிற, தரும் என மூன்று காலத்துக்கும் ஒரே சொல் நிற்கும். கடிதத்தில் பெறுநர் எழுதாத தமிழர் யார்? பெறு என்றதும் வாங்கும் பக்கம் என்பது விளங்கிவிடும்.

இராயபுரத்திலிருந்து:

சொல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. பேச்சு இரண்டு பக்கமும் போகிறது, வருகிறது. எண்ணை அழுத்தி அனுப்புவது பெறுமுனைப் பக்கம்தானே? அப்படியென்றால் எதைத் தருவது, எதைப் பெறுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து:

நல்ல கேள்வி. வரையறையில் இதைத்தான் முதல் வரியாக வைக்க வேண்டும்.

தருமுனை தருவது மூன்று. ரிசீவரைக் கீழே வைத்திருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் (டிசி). எடுத்ததும் டயல் டோன். அழைப்பு வந்தால் மணியடிக்கும் மின்னழுத்தம், இந்தியாவில் அது 25 ஹெர்ட்ஸ். பெறுமுனை இவற்றில் எதையும் உண்டாக்காது. சுற்றை மூடும், திறக்கும், அதாவது ரிசீவரை எடுப்பதும் வைப்பதும், எண்களை அனுப்பும். சாதாரண மேசைத் தொலைபேசியே ஒரு பெறுமுனைதான். பேச்சின் திசையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், மின்சாரம் யாருடையது என்று மட்டும் கேட்டால் போதும்.

கணினிக்குள் செருகும் தொலைபேசி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். டிஜியம் நிறுவனத்தின் பழைய டிடிஎம்400பி அட்டையில் நான்கு சிறு மாட்யூல் செருகலாம். பச்சை எஃப்எக்ஸ்எஸ், சிவப்பு எஃப்எக்ஸ்ஓ. பச்சை மாட்யூல் ஒன்று இருந்தாலும் கணினியின் பவர் சப்ளையிலிருந்து வன்தட்டுக்குப் போகிற அந்த நான்கு பின் மோலெக்ஸ் ஒயரை அட்டையில் மாட்டியாக வேண்டும். சிவப்பு மட்டும் இருந்தால் தேவையில்லை. தருகிறவனுக்குத்தான் கையில் சரக்கு வேண்டும். மோலெக்ஸை மறந்துவிட்டு, பச்சை மாட்யூல் செத்துவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. தருமுனை என்ற பெயர் அந்த ஒயரையும் சேர்த்தே நினைவூட்டும்.

திருவொற்றியூரிலிருந்து:

அப்படியானால் கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் வரும் குழப்பம்? எஃப்எக்ஸ்ஓ மாட்யூல் இருக்கும் சேனலுக்கு எஃப்எக்ஸ்எஸ் சமிக்ஞை என்று எழுதச் சொல்கிறார்களே. தமிழில் அதை 'பெறுமுனைக்குத் தருமுனைச் சமிக்ஞை' என்றா எழுதுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து:

இதில்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். காரணம் எளிது. ஒரு முனை தன் எதிரில் இருப்பவனின் மொழியைப் பேச வேண்டும். பெறுமுனைக்கு எதிரில் இருப்பது தருமுனை. அதனால் கோப்பில் எழுதுவது எதிரில் இருப்பதன் பெயர். 'எதிர்முனைச் சமிக்ஞை' என்று எழுதிப் பார்த்தேன், எதிர்மின்முனை நினைவுக்கு வருகிறது. 'மறுமுனை' என்றால்? போனில் மறுமுனையில் இருப்பவர் என்று தினமும் சொல்கிறோம். 'கோப்பில் மறுமுனையின் பெயரை எழுதுக' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

இராயபுரத்திலிருந்து:

மறுமுனை மிகப் பொருத்தம். அப்படியே பெறுமுனைக்கே உரிய தொல்லை ஒன்றையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். வெளியாள் போனை வைத்துவிட்டார் என்பது பெறுமுனைக்குத் தானாகத் தெரியாது. சில இணைப்பகம் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தும், வேறு சில, லைனின் இரு கம்பிகளின் துருவத்தை மாற்றும், சில எதுவும் செய்யாமல் எங்கேஜ் டோனை மட்டும் அனுப்பும். கடைசி வகையில் பெட்டி அந்த டோனைக் கேட்டுத்தான் லைனை விட வேண்டும். நம் நாட்டு எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி மௌனம். பெட்டி வேறு நாட்டு அமைப்பிலேயே இருந்தால் இதை அடையாளம் காணாது, லைன் மாட்டிக்கொண்டு நிற்கும், அடுத்து அழைப்பவருக்குக் காலை முழுக்க எங்கேஜ்தான். இதற்கு 'துண்டிப்பறிதல்' என்று வைக்கலாம். 'துண்டிப்பு உணர்வு' வேண்டாம், உணர்வு மனிதருக்கு இருக்கட்டும்.

திருவொற்றியூரிலிருந்து:

துண்டிப்பறிதல் சரி. ஒரு தருமுனையில் எத்தனை மணி தொங்கலாம் என்ற அளவுக்கு 'மணிச்சுமை' என்று வையுங்கள். பழைய மணிவைத்த கருவி ஒன்றின் சுமை 1 என்று கொள்வது வழக்கம். பெட்டியின் கையேட்டில் 3 என்று போட்டிருந்தால் அப்படிப்பட்டவை மூன்றுக்கு மேல் இணைக்கக் கூடாது, மணி முனகும் அல்லது அடிக்கவே அடிக்காது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

நான்கையும் ஏற்கிறேன்: தருமுனை, பெறுமுனை, மறுமுனைச் சமிக்ஞை, துண்டிப்பறிதல். மணிச்சுமையும் சேர்த்தால் ஐந்து.

கையேட்டில் இப்படிப் போகிறது: 'துணிக்கடைக்கு வெளி லைன் இரண்டு, கவுண்டர் போன் நான்கு. எனவே பெறுமுனை இரண்டும் தருமுனை நான்கும் உள்ள பெட்டி வேண்டும். தருமுனையைத் தருமுனையோடு சேர்க்காதே. பெறுமுனையைப் பெறுமுனையோடு சேர்த்தால் எதுவும் நடக்காது.'

ஒட்டும் சீட்டில் த1, த2, பெ1, பெ2 என்று போதும். பச்சைச் சீட்டு தருமுனைக்கு, சிவப்பு பெறுமுனைக்கு. ஒட்டும் முன் மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தம் 200 வோல்ட்டில் வைத்து, ஆர்ஜே11இன் நடு இரண்டு கம்பியில் அளக்கவும். 48 பக்கத்தில் காட்டினால் தருமுனை, சில சிறு அடாப்டர்கள் இதைவிடக் குறைவாகவும் தரும். ஒன்றுமே காட்டாவிட்டால் பெறுமுனை. அளக்கும்போது விரல் கம்பியில் படக் கூடாது, மணி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காசிமேடு, இராயபுரம் பக்கம் வெளி லைனில் 30, 35 என்று காட்டினால் உடனே பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். உப்புக்காற்றில் இணைப்புப் பெட்டியின் செம்பு பச்சையாகி, இரண்டு கம்பிக்கும் நடுவே ஈரம் கசியவிட்டிருக்கும். உள் ஒயரிங்கைக் கழற்றிவிட்டு, லைன் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒருமுறை அளந்து பார்த்த பிறகு சீட்டை ஒட்டுங்கள்.