கேஸ் லைட்டர் பொறியை பாட்டிலுக்குள் கொண்டுபோவது எப்படி?

அஸ்தம்பட்டி_வேதியியல்:
+1 வகுப்புக்கு, எத்தனால் ஆவி வெடித்துக் கார்க் பறக்கும் சோதனையைக் காட்டணும். சமையலறை கேஸ் லைட்டரின் நடுக்கம்பியிலிருந்தும் உடல் குழாயிலிருந்தும் ஒரு மீட்டர் ஒயர்களை முறுக்கி இழுத்து, 200 மி.லி. தண்ணீர் பாட்டில் மூடியில் இரண்டு ஊசி குத்தியிருக்கேன். பொறியே வரலை. அடுத்து ஏற்காட்டு முகாமிலும் இதைக் காட்டணும். எதை மாத்தணும்?

அடுப்பு_சர்வீஸ்:
ஒயர்தாங்க வில்லன். லைட்டருக்குள் அடிபட்டதும் மின்சாரம் தர்ற பீசோ படிகம் ஒரு சொடுக்குக்குத் தர்ற மின்னூட்டம் ரொம்பக் கொஞ்சம். முறுக்கிய நீள ஒயர் ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி மாதிரி. அதை நிரப்பவே சார்ஜ் தீர்ந்து வோல்டேஜ் விழுந்துடும். 15 செ.மீ. போதும், இரண்டையும் விலக்கி வைங்க. வீட்டு ஒயரின் உறை 1100 வோல்ட்டுக்கானது, இங்கே 10,000க்கு மேல் வரும். நடுக்கம்பிக்கு ஆட்டோ இக்னிஷன் அடுப்பின் ஒயர் போடுங்க. ரிப்பேர் கடையில் கிடைக்கும். உடல் பக்கத்துக்கு எந்த ஒயரும் சரி. ஊசி இடைவெளி 3 மி.மீ. விளக்கை அணைச்சுட்டு சொடுக்கிப் பாருங்க, எங்கே கசியுதுன்னு தெரிஞ்சுடும்.

மோல்_கணக்கு:
சார், அதைவிட முக்கியம்: திருகுமூடியை மூடிப் பற்றவைக்கவே கூடாது, பாட்டில் கிழிஞ்சுடும். ஊசிகளைப் பாட்டில் சுவரில் எதிரெதிராகக் குத்தி ஹாட் க்ளூ வைங்க. வாயில் கார்க்கைத் தளர்வாக வைத்தால் போதும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.

அளவு: ஒரு மி.லி.க்கு 40 யூனிட் கோடு உள்ள இன்சுலின் சிரிஞ்சில் 1 யூனிட், அதாவது 0.025 மி.லி. எத்தனால். அது முழுசா ஆவியானால் 200 மி.லி. பாட்டிலில் சுமார் 5%. பற்றும் வரம்பு 3.3 முதல் 19%, முழு எரிதலுக்குச் சரியான விகிதம் 6.5%. "கொஞ்சம் கூட இருக்கட்டுமே"ன்னு அரை மி.லி. விட்டால், சேலத்து 38 டிகிரி மதியத்தில் ஆவி 16% வரை ஏறும். ஆக்சிஜன் போதாமல் 'புஸ்'னு அடங்கும், மீந்த திரவம் உள்ளேயே எரியும். சானிடைசர் ஜெல் இதுக்கு உதவாது.

இரண்டாம் முறை வெடிக்கலைன்னா லைட்டரைக் குறை சொல்லாதீங்க. உள்ளே இருப்பது பழைய புகை. பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொட்டினால் புதுக் காற்று வந்துடும், பிறகு உள்ளே துடைச்சுடுங்க.

மூடுபனி:
ஏற்காட்டில் காலை 15 டிகிரின்னா ஆவியாக நேரம் எடுக்கும், பாட்டிலை ஒரு நிமிஷம் உள்ளங்கையில் பிடிங்க. உண்மையான தொல்லை பனி ஈரம். பாட்டில் சுவரில் படியும் நீர்ப்படலம் வழியாகவே சார்ஜ் ஓடிடும். ஊசியின் அடியில் மெழுகு உருக்கி ஊத்துங்க, சுவரைக் காய்ந்த துணியால் துடைங்க. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் பொறி தாவுவது சமவெளியைவிடக் கொஞ்சம் சுலபம்தான்.

அஸ்தம்பட்டி_வேதியியல்:
நன்றிங்க. இதே பாட்டிலில் ஹைட்ரஜனும் செய்யலாமா?

மோல்_கணக்கு:
கூடாது. ஹைட்ரஜன் ஆக்சிஜன் 2:1 கலவைன்னா 3 மி.லி. பிளாஸ்டிக் பிப்பெட்டின் குமிழ் அளவு போதும், முனையில் கொஞ்சம் தண்ணீர் அடைப்பாக நிற்கணும். வாயு தயாரிக்கும் குடுவை அருகே லைட்டரைக் கொண்டுபோகாதீங்க. எத்தனால் இருப்பு வைத்திருக்கும் பாட்டிலையும் நல்லா மூடி இரண்டு மீட்டர் தள்ளி வைங்க. எல்லாருக்கும் கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பேஸ்மேக்கர் வைத்தவர் யாரும் லைட்டரைத் தொட வேண்டாம்.