ரெம்ப்ராண்ட்டின் 1659 தன்னோவியத்தைப் படியெடுத்தல்: அடிவண்ணம் சாம்பலா, பழுப்பா?

கேள்வி

எண்ணெய் வண்ணம் பயிலும் பொருட்டு, வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட்டின் 1659ஆம் ஆண்டுத் தன்னோவியத்தைப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அக்கூடம் இணையத்தில் இலவசமாக வழங்கும் படத்தைப் பார்த்துக் கோட்டுருவம் வரைந்தாயிற்று. நீர்வண்ணத்தில் ஓரளவு பழக்கம் உண்டு. முகத்தின் ஒளியையும் நிழலையும் முதலில் சாம்பல் நிறத்தில் முழுமையாகத் தீட்டி, அதன்மேல் நிறங்களை மெல்லிய படலமாக ஏற்ற வேண்டும் என்று சிலரும், பழுப்பில் தொடங்க வேண்டும் என்று சிலரும் சொல்கின்றனர். இந்த ஓவியத்துக்கு எது பொருந்தும்? கைவசம் உள்ள டைட்டானியம் வெள்ளை மட்டும் போதுமா?

பதில் 1

பழுப்புதான். ரெம்ப்ராண்ட்டின் பிற்கால முகங்களில் நிழல் மெல்லியது, ஒளி தடித்தது. கித்தானுக்குப் பழுப்பு அடிப்பூச்சு கொடுத்து, டர்பன்டைன் என்னும் கரைப்பான் கலந்த அம்பரால் (பழுப்பு மண் நிறமி) நிழல்களை நிறுவி, ஒளிபடும் நெற்றி, மூக்கு, கன்னம் ஆகியவற்றை மட்டும் வெள்ளை கலந்த தடித்த வண்ணத்தால் எழுப்புங்கள். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையை ஒளிக்காக விட்டுவைத்துப் பழகிய கை, இங்கே அடிப்பூச்சை நிழலுக்காக விட்டுவைக்கப் பழக வேண்டும். நிழலில் வெள்ளையைக் கலந்தால் அதன் ஒளி ஊடுருவும் தன்மை போய், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். அம்பரில் உள்ள மாங்கனீசு எண்ணெயை விரைவில் உலரச் செய்வதால், அடுத்த படலத்துக்கு நெடுநாள் காத்திருக்கவும் வேண்டாம்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். வெள்ளையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ரெம்ப்ராண்ட் பயன்படுத்தியது ஈய வெள்ளை. சற்றே வெதுவெதுப்பான நிறமும், தூரிகைத் தடத்தை அப்படியே தாங்கும் உடலும் கொண்ட அந்த வண்ணம் நஞ்சு என்பதால், வீட்டில் பயில்பவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. கலக்கும் நிறத்தையெல்லாம் விழுங்கிவிடும் ஆற்றல் உடையது. அதில் சிறிதளவு மஞ்சள் ஓக்கரும் (மஞ்சள் மண் நிறமி), சீமைச் சுண்ணத்தூளும் சேருங்கள். எண்ணெயில் அத்தூள் ஏறக்குறைய ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதால், நிறத்தை வெளுக்காமல் தடிமனை மட்டும் கூட்டும்; ரெம்ப்ராண்ட்டின் வண்ணங்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. துத்தநாக வெள்ளை வேண்டாம், உலர்ந்தபின் நொறுங்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூலத்தின் அளவு 84.5 × 66 செ.மீ.; அதே அளவில் வரைவது அவசியமா? அம்பர் உலர்ந்த இடங்கள் மங்கித் தெரிவதற்கு என்ன செய்வது?

பதில் 3

அளவு முக்கியமல்ல. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து படியெடுப்போருக்கு, மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது என்றே விதி உண்டு. முழு ஓவியத்தையும் எடுத்துக்கொள்வதைவிட, தலையை மட்டும் இரண்டு மூன்று முறை வரைவது கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. கோர்த்த கைகளும் உடையும் பெரும்பாலும் இருளில் கிடப்பவை.

மங்கல், மேற்படலத்தின் எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சுவதால் வருவது. நன்கு உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மிக மெலிதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் நிறத்தின் உண்மையான ஆழம் தெரியும். அதன்பின் அடுத்த படலத்தைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மேற்படலத்திலும் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், இல்லையேல் வெடிப்பு விழும். வார்னிஷுக்குக் குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பற்றக் கூடியது, ஆகவே நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.