நினைவிலிருக்கும் லயத்தைத் தாளில் இறக்குவது எப்படி?

குளத்துப்புழை வாசி:
குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட மலையகப் பெரியவர்களை, இலங்கையில் விட்டுவந்த லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) அவர்கள் கையாலேயே வரையச் சொல்லிச் சேர்க்கிறோம். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற ஓவிய நூல்தான் (2011) முன்மாதிரி. என்ன அளவுத்திட்டம் வைக்கலாம்? படியெடுக்கும் பட்டர் பேப்பர் (டிரேசிங் தாள்) இங்கே ஈரக்காற்றில் சுருள்கிறது. படத்தோடு வைக்கும் தேயிலைக் கொப்பில் பூஞ்சை பிடிக்கிறது. ஜூனில் தொடங்கலாமா?

கோட்டுக்கோல்:
அளவுக்கு முன்னால் ஒன்று. சனாதனன் ஒவ்வொரு வீட்டையும் மூன்று அடுக்காக வைத்தார்: வீட்டை இழந்தவர் நினைவிலிருந்து வரைந்தது, கட்டடக்கலைஞர் அதை முறையாக வரைந்த படம், பிறகு அவருடைய உலர் பாஸ்டல் ஓவியம். தோம்பு என்பது பழைய காணிப் பதிவேடு. மண்ணில் இல்லாத வீடு பதிவேட்டில் ஏறுகிறது, அதுதான் அந்தத் தலைப்பின் குத்தல். ஆகவே முதல் தாளைத் திருத்தவே கூடாது. அடுப்பு காம்பராவில் (லயத்து அறையில்) பாதியை அடைத்து நின்றால் அப்படியே நிற்கட்டும். சரியான அளவுக்கு இரண்டாவது தாள் இருக்கிறது.

முதல் தாளுக்கு சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாத கார்ட்ரிஜ் வரைதாள், 4பி பென்சில். ஸ்கேல், கட்டத்தாள் கண்ணில் படவே வேண்டாம். கொடுத்தால் கை நேர்கோட்டுக்குப் போய்விடும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஆரம்பித்து கதவு, அடுப்பு, பிறகு வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் பாதை என்று கேளுங்கள். "எத்தனை அடி?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். "அடுப்பிலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு?" என்றால் காலுக்கு ஞாபகம் இருக்கும். 1977, 1983 இனக்கலவரங்கள் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள்.

இரண்டாம் தாளுக்கு 1:50. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா 6.1 x 7.3 செ.மீ. ஆகும். அகலவாட்டில் ஆறு காம்பரா 36.6 செ.மீ., ஏ3 தாளில் அடங்கும். அதைவிட நீளமான லயமென்றால் 1:100.

இன்னொன்று, விவரச்சீட்டில் 'தாயகம்' என்று நீங்களே நிரப்பாதீர்கள். அரசுக் காகிதத்தில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. வரையும் கை இலங்கை மலையகத்து மஸ்கெலியாவுக்குப் போகலாம். அவர்கள் சொல்லும் ஊரை எழுதுங்கள்.

சட்டம் அடிப்பவர்:
பட்டர் பேப்பரின் நார் ரொம்ப அரைபட்டது, ஈரம் பட்டதும் விரியும். நாலு பக்கமும் ஒட்டினால் அலை அலையாக எழும்பும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய தாள் கீல், கோதுமை மாவுப் பசையில். பூச்சி வராதென்று பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பார்கள், வேண்டாம். செம்பு தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். செலோடேப் அதைவிட மோசம். காசு இருந்தால் பாலியஸ்டர் டிராஃப்டிங் ஃபிலிம் வாங்குங்கள், அசையாது.

பாஸ்டலுக்குக் கண்ணாடிதான். அக்ரிலிக்கில் நிலைமின் ஏறிப் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியும் படத்தில் தொடக்கூடாது, இடையில் 5 மி.மீ. விடுங்கள். பொடி உதிராமல் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவ் 30 செ.மீ. தள்ளி, மெல்லிசாக. கொட்டினால் வெளிர்நிறம் இருண்டுவிடும், மலை மூட்டமே போய்விடும்.

கொப்பைச் செய்தித்தாளுக்கிடையே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். முதல் நாலு நாள் தினமும் தாள் மாற்றினால்தான் பூஞ்சை வராது. தண்டு 'டக்'கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்தால் இன்னும் இல்லை.

குளத்துப்புழை வாசி:
பக்கத்திலேயே ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை (புகையறை) இருக்கிறதே, கொப்பை அதில் வைத்தால்?

சட்டம் அடிப்பவர்:
சூடு கிடைக்கும், கூடவே புகைக்கறையும் படியும். இலையும் தாளும் ஷீட் நிறத்துக்கு வந்துவிடும். உலர்த்துவது, சட்டம் போடுவது எல்லாவற்றையும் ஜனவரிக்குத் தள்ளுங்கள். ஜூனில் போய் வரைய வைப்பதோடு நிறுத்தி, தாள்களை மூடிய பெட்டியில் ஆரஞ்சு சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் வாணலியில் சூடாக்கித் திரும்பப் போடலாம்.