ஏபிஐ டெஸ்ட்: பதில் உடனே வருகிறது, அசெர்ஷன் (மதிப்புச் சரிபார்ப்பு) மட்டும் நிமிடக்கணக்கில் இழுக்கிறது

பாயான்_லெப்பாஸ்:
வணக்கம். மலேசியாவின் பினாங்கில் சின்ன டீம் எங்களுடையது. அஞ்சல் குறியீடு தரும் ஒரு வெப் சர்வீஸை ரெஸ்ட் அஷ்யூர்ட், ஜேயூனிட் 5 என்ற ஜாவா டெஸ்ட் கருவிகளை வைத்துச் சோதிக்கிறோம். நாடு முழுவதற்குமான பட்டியலைக் கேட்டால் ஒரு வினாடிக்குள் பதில் வந்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் குறியீடு, ஊர், மாநிலம் சரியா என்று பார்க்கும் லூப்தான் முடிய மாட்டேன் என்கிறது. லூப்புக்குள் வரிசை எண்ணை ஒட்டிப் பாதை தயாரித்து, ஜேசான்பாத்தில் (ஜேசான் பதிலிலிருந்து பாதை சொல்லி மதிப்பை எடுக்கும் வசதி) ஒவ்வொன்றாக எடுக்கிறேன். மெமரியைக் கூட்டியும் பலனில்லை. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பைப்லைன் அடைத்துக்கொண்டு, மற்றவர்களின் கோடை இணைக்கும் மெர்ஜும் காத்துக்கிடக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பங்சார்_தேவ்:
விபிஎன் வழியாக ஓடுகிறதா? எங்களுக்கு அதுதான் காரணமாக இருந்தது.

பாயான்_லெப்பாஸ்:
இல்லை சகோ. பதிலை ஃபைலில் சேமித்து அதன்மேல் ஓட்டினாலும் இதே நிலைதான்.

செந்தூல்_ஜாவா:
சரி, அப்போது நெட்வொர்க்கை விடுங்கள் தம்பி. டெஸ்ட் ஓடும்போதே ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும் கருவி) எடுங்கள், சில வினாடி விட்டு இன்னொன்று. டெஸ்ட் த்ரெட் எங்கே நிற்கிறது?

பாயான்_லெப்பாஸ்:
இரண்டிலும் க்ரூவிஷெல், பார்ஸ், கம்பைல் என்ற வரிகள்தான் மேலே இருக்கின்றன அண்ணே. க்ரூவி வேறு மொழியாயிற்றே, நாங்கள் அதில் ஒரு வரிகூட எழுதவில்லையே?

செந்தூல்_ஜாவா:
நீங்கள் எழுதவில்லை, ரெஸ்ட் அஷ்யூர்ட் எழுதுகிறது. அதன் ஜேசான்பாத் உள்ளே ஜிபாத் என்ற க்ரூவியின் பாதை மொழிதான். நீங்கள் தரும் பாதை சின்ன ஸ்கிரிப்டாக மாறி, கம்பைல் ஆகி, பிறகுதான் ஓடும். பாதையில் ஓர் அடைப்புக்குறியை விட்டுப் பாருங்கள், 'இன்வேலிட் ஜேசான் எக்ஸ்பிரஷன்' என்று வரும். க்ரூவி கம்பைலரில் விழும் பிழைதான் அது. பத்துப் பதினைந்து அசெர்ஷனுக்கு இந்தச் செலவு கண்ணில் படாது. வரிசைக்கு மூன்று வீதம் ஆயிரக்கணக்கான வரிசை என்றால் நேரமெல்லாம் கம்பைலுக்கே போகும்.

லூப்புக்கு வெளியே கெட்லிஸ்ட்டை ஒரே முறை கூப்பிட்டு முழுப் பட்டியலையும் ஜாவா மேப்களாக எடுங்கள். ஒப்பிடுவதெல்லாம் சாதாரண ஜாவாவில், அசெர்ட்ஜே என்ற ஒப்பீட்டு லைப்ரரி வைத்து நடக்கட்டும். இன்னொன்று: எதிர்பார்க்கும் குறியீடுகளை அர்ரேலிஸ்ட்டில் வைத்துக் கன்டெய்ன்ஸ் கேட்டால் ஒவ்வொரு முறையும் பட்டியலை முதலிலிருந்து துழாவும். ஹாஷ்மேப்பில், குறியீட்டையே கீயாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான்_லெப்பாஸ்:
அண்ணே, ரொம்ப நன்றி! இப்போது சில வினாடிகளில் முடிகிறது. ஆனால் பூஜ்யத்தில் தொடங்கும் பெர்லிஸ், கெடா வரிசைகள் மட்டும் ஃபெயில். பெர்லிஸின் கங்காருக்கு சர்வீஸ் 01000 தருகிறது, எதிர்பார்க்கும் குறியீடுகள் உள்ள எங்கள் எக்செல் பட்டியலில் 1000 என்று இருக்கிறது.

செந்தூல்_ஜாவா:
சர்வீஸ் சரி, எக்செல்தான் தவறு. அந்தப் பத்தியை எண்ணாகச் சேமித்ததால் முன்னிருந்த பூஜ்யம் போய்விட்டது. பத்தியை டெக்ஸ்ட்டாக மாற்றி, பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடுகளை மறுபடி உள்ளிடுங்கள். மறந்தும் ஜாவா பக்கம் இன்டிஜராக மாற்றிச் சமாளிக்காதீர்கள், நாளைக்கு சர்வீஸே பூஜ்யத்தை விட்டால் டெஸ்ட் பிடிக்காது.